ஃபோல்டரைத் திறந்ததும் தெரியும் சிறுபடங்களை நிறுத்துவதும், காணாமல் போனவற்றைத் திரும்ப வரவழைப்பதும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இரண்டு விண்டோஸ் கணினிகள். ஒன்றில் போட்டோ ஃபோல்டரைத் திறந்தால் ஒவ்வொரு ஃபைலும் அதன் உள்ளடக்கத்தையே சின்னப் படமாக, அதாவது சிறுபடமாக (தம்ப்நெய்ல்) காட்டுகிறது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் எல்லாம் தெரிந்துவிடுகிறது, அதை நிறுத்த வேண்டும். இன்னொன்றில் நேர்மாறாக, கொஞ்ச நாளாகப் படமே வருவதில்லை, எல்லாம் ஒரே மாதிரி ஐகானாக வரிசையில் நிற்கின்றன, அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். போகிற போக்கில், நிறுத்தினால் கணினி வேகமாகும் என்கிறார்களே, உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பார்க்கப்போனால் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. காட்டுவதா வேண்டாமா என்பது முதலாவது, அதற்குப் பொத்தான் இருக்கிறது, ஒரு நிமிட வேலை. வேகம் இரண்டாவது, அதற்கு ஆமாம் இல்லை என்று ஒரே சொல்லில் பதில் கிடையாது. மூன்றாவதை நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் பக்கத்தில் இருப்பவர் பார்க்கக் கூடாது என்று எழுதியிருப்பதற்குள் அது ஒளிந்திருக்கிறது: இன்றைக்கு நிறுத்திவிட்டால், இதுவரை உருவாகிவிட்ட சிறுபடங்கள் என்ன ஆகும்? மற்றவர்களின் கணினியைச் சரிசெய்து கொடுப்பதே பல வருடங்களாக எனக்கு வேலை. ஆட்கள் ஏமாறுவது இந்த மூன்றாவது இடத்தில்தான்.

பொத்தானை முதலில் முடித்துவிடலாம். விண்டோஸ் 11 என்றால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மேலே இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தி 'ஆப்ஷன்ஸ்' போங்கள். விண்டோஸ் 10 என்றால் மேலே 'வியூ' தாவலின் வலது ஓரத்தில் அதே 'ஆப்ஷன்ஸ்' இருக்கும். திறக்கிற பெட்டியில் 'வியூ' என்று ஒரு தாவல், அதில் நீளமான பட்டியலின் தொடக்கத்திலேயே 'ஆல்வேஸ் ஷோ ஐகான்ஸ், நெவர் தம்ப்நெய்ல்ஸ்' என்ற வரி. அதில் டிக் இருந்தால் சிறுபடம் வராது, டிக்கை எடுத்தால் வரும். வாசகம் தலைகீழாக இருப்பதைக் கவனியுங்கள். டிக் போட்டால் படம் வரும் என்று நினைத்துப் போட்டுவிட்டு, வரவில்லையே என்று வேறு எங்கெங்கோ தேடி அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் கணினியில் டிக் போடுங்கள், இரண்டாவதில் எடுங்கள், இரண்டிலும் 'அப்ளை' கொடுங்கள்.

அந்த வரிக்குக் கொஞ்சம் கீழே 'டிஸ்ப்ளே ஃபைல் ஐகான் ஆன் தம்ப்நெய்ல்ஸ்' என்று இன்னொன்று இருக்கும், அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சிறுபடத்தின் மூலையில் அந்த ஃபைலைத் திறக்கும் மென்பொருளின் குட்டி ஐகான் தெரிய வேண்டுமா என்பதற்கு மட்டும்தான் அது.

இரண்டாவது கணினியில் டிக் இல்லாமலே படம் வராமல் இருக்கலாம். அப்படியென்றால் முதலில் பார்க்க வேண்டியது ஐகானின் அளவு. 'லிஸ்ட்', 'டீடெய்ல்ஸ்', 'ஸ்மால் ஐகான்ஸ்' ஆகிய காட்சிகளில் சிறுபடம் வரவே வராது, 'மீடியம் ஐகான்ஸ்' அளவிலிருந்துதான் தொடங்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு 2 என்ற எண்ணைத் தட்டிப் பாருங்கள், பெரிய ஐகானுக்கு மாறும். பாதிப் பேருக்குப் பிரச்சினை இதோடு தீர்ந்துவிடும், என்னமோ பெரிதாகக் கெட்டுவிட்டது என்று பயந்திருப்பார்கள். இதையே திருப்பியும் பயன்படுத்தலாம். உங்களுக்கு ஒரே ஒரு ஃபோல்டரில்தான் படம் தெரியக் கூடாது என்றால் மொத்தமாக நிறுத்த வேண்டியதே இல்லை. அந்த ஃபோல்டரில் மட்டும் கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 அழுத்தினால் பெயர்ப் பட்டியலாக மாறிவிடும், அடுத்த முறை அதே ஃபோல்டரைத் திறக்கும்போதும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கூடவே வலப்பக்கம் திறக்கும் பிரிவியூ பேனையும் பாருங்கள், அது வேறு சமாச்சாரம். சிறுபடத்தை நிறுத்தினாலும் ஒரு ஃபைலைச் சொடுக்கியதும் அந்தப் பேன் பெரிதாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஆல்ட்டும் பி எழுத்தும் சேர்த்து அழுத்தினால் திறக்கும், இன்னொருமுறை அழுத்தினால் மூடும்.

இதே பொத்தானுக்கு இன்னொரு வாசலும் உண்டு, பலருக்குத் தெரியாது. ஸ்டார்ட் தேடலில் 'அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடி, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியின் 'செட்டிங்ஸ்' திறந்தால் ஒரு பட்டியல் வரும், அதில் 'ஷோ தம்ப்நெய்ல்ஸ் இன்ஸ்டெட் ஆஃப் ஐகான்ஸ்' என்று ஒரு வரி. இங்கே டிக் இருந்தால் படம் வரும், அங்கே டிக் இருந்தால் படம் வராது, ஆனால் உள்ளே இரண்டும் மாற்றுவது ஒரே அமைப்பைத்தான். வினை என்னவென்றால், அதே பெட்டியில் 'அட்ஜஸ்ட் ஃபார் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்று மேலே ஒரு தேர்வு இருக்கிறது, அதைத் தொட்டால் பட்டியலில் இருக்கும் எல்லா டிக்கும் ஒரே அடியாகப் போய்விடும், சிறுபடமும் சேர்ந்துதான். ஒருமுறை ஒரு பெரியவர் எனக்குப் போன் செய்து, பேரப்பிள்ளைகளின் படம் எல்லாம் அழிந்துவிட்டது என்று அழாத குறையாகப் பேசினார். போய்ப் பார்த்தால் ஒரு படமும் அழியவில்லை. யாரோ ஒருவர் கணினியை வேகப்படுத்திக் கொடுக்கிறேன் என்று இந்தத் தேர்வைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். உங்கள் இரண்டாவது கணினியிலும் வேகப்படுத்தும் மென்பொருள் எதையாவது ஓட்டியிருந்தால் என் முதல் சந்தேகம் இதன்மேல்தான். நேரில் பார்க்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும்.

சரி, எல்லா ஃபைலுக்கும் படம் வரவில்லையா, அல்லது சில வகைக்கு மட்டும் வரவில்லையா? இதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் இதில்தான் வழியே பிரிகிறது. விண்டோஸ் எல்லா வகை ஃபைலையும் தானே திறந்து படம் செய்வதில்லை, ஒவ்வொரு வகைக்கும் படம் செய்து கொடுக்க ஒரு துணை நிரல் உள்ளே இருக்க வேண்டும். ஜேபெக், பிஎன்ஜி போன்றவற்றுக்குக் கூடவே வருகிறது. ஐபோனில் எடுத்த போட்டோக்கள் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் வழக்கமாக ஹெச்இஐசி என்ற வடிவத்தில் சேமிக்கப்படுகின்றன, அவற்றுக்குச் சிறுபடம் வர மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைக்கும் 'ஹெய்ஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்' கணினியில் இருக்க வேண்டும். கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா ஃபைல்களுக்கும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. பிடிஎஃப் என்றால் அதைப் படிக்கும் மென்பொருளைப் பொறுத்தது. அக்ரோபேட் ரீடரில் 'ப்ரெஃபரன்சஸ்' போய் 'ஜெனரல்' பகுதியில் எக்ஸ்ப்ளோரரில் பிடிஎஃப் சிறுபடம் காட்டவா என்று கேட்கும் ஒரு டிக் உண்டு, அதைப் போட வேண்டும். மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பைப் போட்டாலும் பிடிஎஃப், எஸ்விஜி இரண்டுக்கும் படம் கிடைக்கும். ஆக, ஜேபெக் ஒழுங்காகத் தெரிந்து ஐபோன் படங்கள் மட்டும் வெற்று ஐகானாக நின்றால் பொத்தானில் கோளாறு இல்லை, துணை நிரல் இல்லை என்று அர்த்தம்.

படம் வருகிறது, ஆனால் கறுப்பாகவோ தப்பான படமாகவோ வருகிறது என்றால் அது மூன்றாவது வகைக் கோளாறு. உருவாக்கிச் சேமித்து வைத்த சிறுபடக் கிடங்கு கெட்டுப்போயிருக்கும், அதைக் காலி செய்தால் சரியாகிவிடும். எப்படிக் காலி செய்வது என்று கீழே வருகிறேன், ஏனென்றால் உங்கள் முதல் கணினிக்கும் அதே வேலைதான்.

வேகத்துக்கு வருவோம். ஒரு ஃபோல்டரை முதல்முறை திறக்கும்போது எக்ஸ்ப்ளோரர் ஒவ்வொரு ஃபைலையும் படித்து, விரித்து, சின்னதாகச் சுருக்கி ஒரு படம் செய்கிறது. போட்டோ என்றால் இது நொடியில் முடியும் வேலை. வீடியோ என்றால் உள்ளே இருந்து ஒரு ஃப்ரேமை, அதாவது ஒரு தனிக் காட்சியை எடுத்து விரிக்க வேண்டும், கொஞ்சம் கனமான வேலை. செய்த படத்தை ஒரு கிடங்கில் போட்டு வைத்துக்கொள்கிறது, அடுத்த முறை அதே ஃபோல்டரைத் திறந்தால் கிடங்கிலிருந்து எடுத்துக் காட்டும், மறுபடி செய்யாது. அதனால் தாமதம் பெரும்பாலும் முதல்முறை மட்டும்தான். எஸ்எஸ்டி என்ற வேகமான வட்டு இருக்கிற கணினியில், உள்வட்டில் இருக்கும் போட்டோக்களுக்கு, சிறுபடத்தை நிறுத்துவதால் கணினி வேகமாகும் என்பதில் சாரமே இல்லை. ஃபோல்டர் திறந்திருக்கும்போது மட்டும் நடக்கிற வேலை அது, மற்ற நேரத்தில் கணினியை இழுத்துப் பிடிப்பதில்லை.

ஆனால் நிறுத்தினால் நிஜமாகவே பலன் தெரியும் இடங்கள் உண்டு. நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினியில் இருக்கும் ஃபோல்டரைத் திறக்கும்போது ஒவ்வொரு ஃபைலின் உள்ளடக்கமும் கம்பி வழியே வந்தாக வேண்டும், ஆயிரம் படம் இருந்தால் மேலே முன்னேற்றத்தைக் காட்டும் பச்சைக் கோடு மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க், மெதுவான யூஎஸ்பி டிரைவ் இவற்றிலும் வித்தியாசம் தெரியும். இன்னொன்று, பாதியில் அறுந்துபோன வீடியோ ஃபைல். ஃபோல்டரில் அப்படி ஒன்று இருந்தால் படம் செய்ய முயன்று எக்ஸ்ப்ளோரர் சில சமயம் அப்படியே உறைந்துவிடும், அந்த ஃபைலை நீக்கவும் விடாது. அந்த நேரத்தில் சிறுபடத்தைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, கெட்ட ஃபைலை நீக்கி, மறுபடி போட்டுக்கொள்வது நல்ல உத்தி, நான் அடிக்கடி செய்வேன். இந்த மாதிரிக் காரணம் எதுவும் இல்லாமல் வேகத்துக்காக நிரந்தரமாக நிறுத்துவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. ஐநூறு போட்டோவில் வேண்டியதைத் தேட ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் நேரத்தை யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

இப்போது அந்தக் கிடங்கு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் படம் இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளேயும் 'தம்ப்ஸ் டிபி' என்ற மறைந்த ஃபைல் உருவாகும், அந்த ஃபோல்டரின் சிறுபடங்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். விஸ்டா முதல் முறை மாறி, ஒவ்வொரு பயனருக்கும் ஒரு பொதுவான கிடங்கு வந்தது. உங்கள் பயனர் ஃபோல்டரில் மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், எக்ஸ்ப்ளோரர் என்று வரிசையாக இறங்கினால் 'தம்ப்கேஷ்' என்று தொடங்கும் பெயர்களோடு 96, 256, 1024 என்று அளவு வாரியாக ஃபைல்கள் இருக்கும். நீங்கள் பார்த்த ஃபோல்டர்களின் சிறுபடங்கள் எல்லாம் அதில்தான். யூஎஸ்பி டிரைவில் இருந்த படமும் அதில் பதிந்திருக்கும், டிரைவைக் கழற்றிய பிறகும் இருக்கும். அசல் படத்தை நீக்கினாலும் சிறுபடம் உடனே போய்விடாது. குற்ற வழக்குகளில் கணினியை ஆராய்பவர்கள் இந்தக் கிடங்கைத் தேடிப் போவதே இதனால்தான், அசல் போய்விட்டாலும் அங்கே படம் ஒன்று இருந்ததற்குத் தடயம் கிடைக்கும்.

இதிலிருந்து உங்களுக்கு என்ன என்றால், ஆப்ஷன்ஸில் போய் நீங்கள் போடும் அந்த டிக் 'இனிமேல் காட்டாதே' என்று மட்டும்தான் சொல்கிறது. ஏற்கெனவே சேர்ந்ததை அது தொடாது. நாளைக்கு யாராவது அந்த டிக்கை எடுத்தால் பழைய படங்கள் அப்படியே வந்து நிற்கும். அதனால் நிறுத்திய கையோடு கிடங்கையும் காலி செய்யுங்கள். ஸ்டார்ட் தேடலில் 'டிஸ்க் க்ளீனப்' என்று தேடி, சி டிரைவைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பட்டியல் வரும், அதில் 'தம்ப்நெய்ல்ஸ்' மட்டும் டிக் போட்டு ஓகே கொடுங்கள். 'செட்டிங்ஸ்' வழியாகவும் போகலாம்: 'சிஸ்டம்', 'ஸ்டோரேஜ்', 'டெம்பரரி ஃபைல்ஸ்'. எந்த வழியில் போனாலும் அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்று ஒன்று இருந்தால் அதில் டிக் இல்லை என்று இரண்டு தடவை பாருங்கள், இருந்தால் நீங்கள் இறக்கிவைத்த ஃபைல்கள் எல்லாம் சேர்ந்து போய்விடும். சிறுபடத்தைத் துடைக்கப் போய் வேலைக்கான ஆவணங்களை இழந்தவர் ஒருவரை எனக்கு நன்றாகவே தெரியும். அசல் படங்களுக்குச் சிறுபடக் கிடங்கைக் காலி செய்வதால் எந்தச் சேதமும் இல்லை, அதில் சந்தேகமே வேண்டாம். காட்டும் அமைப்பு ஆனில் இருந்தால் தேவைப்படும்போது கிடங்கு தானாக மறுபடி நிரம்பும். கறுப்புப் படப் பிரச்சினைக்கு மருந்தும் இதேதான்.

நெட்வொர்க் ஃபோல்டர் மட்டும் இதில் விதிவிலக்கு. பொதுவாகப் பகிர்ந்திருக்கும் ஃபோல்டரைச் சிறுபடக் காட்சியில் திறந்தால் விண்டோஸ் இன்னமும் அங்கே பழைய பாணியில் 'தம்ப்ஸ் டிபி' ஃபைலைப் போட்டுவிட்டு வரும். ஓர் அலுவலகத்தில் காலி ஃபோல்டர் ஒன்றை யாராலும் நீக்கவே முடியவில்லை, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் திறந்திருக்கிறது என்றே திரும்பத் திரும்பச் செய்தி வந்தது. பார்த்தால் மூன்றாவது மேசையில் ஒருவர் அதைப் பெரிய ஐகான் காட்சியில் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார், அவருடைய கணினி அந்த மறைந்த ஃபைலைப் பிடித்துக்கொண்டிருந்தது. விண்டோஸ் ப்ரோ பதிப்பு என்றால், கணினிக்கான விதிகளை அமைக்கும் குரூப் பாலிசியில் நெட்வொர்க் ஃபோல்டர்களுக்கு மட்டும் சிறுபடத்தை நிறுத்தவும், அந்த ஃபைல் உருவாகாமல் தடுக்கவும் தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. அலுவலகக் கணினி என்றால் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள்.

மறைப்பதற்குத்தான் கேட்கிறீர்கள் என்றால் ஒன்று சொல்லியாக வேண்டும். சிறுபடத்தை நிறுத்துவது எட்டிப் பார்க்கும் கண்ணுக்கு மட்டும் போதும். உங்கள் கணக்கில் உட்கார்ந்து மவுஸைப் பிடிக்கிறவர் ஃபைலை இரட்டைச் சொடுக்கில் திறந்துவிடப் போகிறார். வீட்டில் ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தினால் ஆளுக்கொரு பயனர் கணக்கும் கடவுச்சொல்லும் வைத்துக்கொள்வது இதைவிடப் பல மடங்கு பயன் தரும், சிறுபடக் கிடங்கும் கணக்குக்குக் கணக்கு தனியாகத்தான் இருக்கும். குறியாக்கம் செய்த டிரைவில், அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியதில், வைத்தாலும் எச்சரிக்கை தேவை. அங்கே இருக்கும் படத்தை எக்ஸ்ப்ளோரரில் பார்த்தால் சிறுபடம் உங்கள் சாதாரண வட்டில் இருக்கும் கிடங்குக்குள் போய் உட்காரலாம். மேக் கணினிகளிலும் இதே கதை 2018-இல் பேசப்பட்டது. குறியாக்கம் செய்த டிரைவில் இருந்த படங்களின் சிறுபடங்கள் குறியாக்கம் இல்லாத இடத்தில் சேமிக்கப்படுவதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

பாதுகாப்புக்காக நிறுத்த வேண்டுமா என்றும் சிலர் கேட்பதுண்டு. பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை, ஏனென்றால் சிறுபடம் செய்ய வேண்டுமானால் நீங்கள் திறக்காத ஃபைலையும் கணினி திறந்து படித்தாக வேண்டும். விஷமத்தனமாகச் செய்த சிறுபடத்தைப் பார்த்தாலே தாக்குதல் நடக்கும்படியான ஓட்டை ஒன்றை விண்டோஸில் 2011 பிப்ரவரியில் அடைத்தார்கள். 2017-இல் லினக்ஸுக்கான ஒரு துணை நிரல், விண்டோஸ் நிறுவல் ஃபைலுக்குச் சிறுபடம் செய்யும்போது அந்த ஃபைலின் பெயரில் ஒளித்து வைத்த கட்டளையை ஓட்டிவிடும் என்று கண்டுபிடித்தார்கள். அதே சமயம் 2010-இல் பேர்போன ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு பரவிய வழிகளில் ஒன்று ஷார்ட்கட்டின் ஐகான், ஃபோல்டரைத் திறந்து ஐகான் தெரிந்தாலே போதும். சிறுபடத்தை நிறுத்தி வைத்திருந்தாலும் அதில் தப்பியிருக்க முடியாது. ஆகவே விண்டோஸ் அப்டேட்டை ஒழுங்காகப் போடுங்கள், சிறுபடத்தை இதற்காக நிறுத்த வேண்டாம் என்பது என் கருத்து. 2025 அக்டோபர் அப்டேட்டுக்குப் பிறகு இணையத்தில் இறக்கிய ஃபைல்கள் பிரிவியூ பேனில் தெரியாமல் ஓர் எச்சரிக்கை வருகிறது, அது கோளாறு இல்லை, வேண்டுமென்றே செய்தது. நம்பகமான ஃபைல் என்றால் அதன் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து 'அன்பிளாக்' டிக் போட்டால் தெரியும்.

வேறு கணினி வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சுருக்கமாக. மேக்கில் ஃபைண்டரில் ஃபோல்டரைத் திறந்து கமாண்டும் ஜே எழுத்தும் அழுத்தினால் வரும் பெட்டியில் 'ஷோ ஐகான் பிரிவியூ' இருக்கும், டிக்கை எடுத்தால் அந்த ஃபோல்டரில் நிற்கும், கீழே 'யூஸ் ஆஸ் டிஃபால்ட்ஸ்' கொடுத்தால் மற்றவற்றுக்கும் போகும். லினக்ஸில் க்னோம் என்ற திரைச்சூழல் என்றால் ஃபைல்ஸ் செயலியின் ப்ரெஃபரன்சஸில் 'இந்தக் கணினியில் மட்டும், எல்லா ஃபைலும், ஒருபோதும் வேண்டாம்' என்று மூன்று தேர்வுகள் இருக்கும், விண்டோஸைவிட இது புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பேன். கேடிஇ என்ற இன்னொரு திரைச்சூழலின் ஃபைல் செயலியான டால்ஃபினில் எஃப்12 அழுத்தினால் போதும், சிறுபடம் நிற்கும், மறுபடி அழுத்தினால் வரும். லினக்ஸில் கிடங்கு உங்கள் ஹோம் ஃபோல்டரின் மறைந்த கேஷ் ஃபோல்டருக்குள் 'தம்ப்நெய்ல்ஸ்' என்ற பெயரில் இருக்கும். அதற்குள் 'ஃபெயில்' என்று ஒரு ஃபோல்டர் உண்டு, ஒருமுறை படம் செய்ய முடியாமல் போன ஃபைலை அங்கே குறித்து வைத்துக்கொண்டு மறுபடி முயலாமல் விட்டுவிடும். புதிதாகத் துணை நிரல் போட்ட பிறகும் படம் வரவில்லை என்றால் அந்த ஃபோல்டரைக் காலி செய்து பாருங்கள்.

உங்கள் இரண்டாவது கணினியில் இந்த வரிசையில் போங்கள்: ஐகான் அளவு, அப்புறம் ஆப்ஷன்ஸில் அந்த டிக், அப்புறம் கிடங்கைக் காலி செய்து கணினியை ஒருமுறை அணைத்துப் போடுவது. அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் விண்டோஸ் எந்தப் பதிப்பு, வராத ஃபைல்களின் பெயர் எப்படி முடிகிறது, உள்வட்டில் இருக்கிறதா நெட்வொர்க்கில் இருக்கிறதா என்ற மூன்றையும் எழுதுங்கள், பார்க்கிறேன்.